கழுத்துக் கருமைக்கு ஒரு குறிப்பு

ஏப்ரல் 3, வியாழன்

மகள் தீட்சாவின் பழைய கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள் கிடக்கிறது. வீணாக்குவானேன் என்று இதில் எழுதத் தொடங்குகிறேன். இன்றைய ஆத்திரத்தை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் நாளைக்கும் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போடுவேன்.

என் வலைப்பூவின் பெயர் 'மூணு விசில்'. குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் ஓர் அம்மா தனக்காகச் செய்துகொள்ளக்கூடிய அழகுக் குறிப்புகள். அதற்கு மேல் எந்த வீட்டில் எந்த அம்மாவுக்கு நேரம் இருக்கிறது? நாலு வருஷத்தில் நூற்று எண்பத்தேழு குறிப்புகள். ஒவ்வொன்றையும் என் முகத்திலோ குதிகாலிலோ தலையிலோ செய்து பார்த்த பிறகே எழுதினேன். கடுகு எண்ணெய்க் குறிப்பு ஒன்று ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் தடித்த முகத்தோடு ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறேன். அந்தக் குறிப்பை யாருக்கும் சொல்லவில்லை.

இன்று பள்ளித் தாய்மார் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 'சுபாவின் அழகுப் பெட்டி'. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுபலட்சுமியின் சேனல். என் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. நாலைந்து படங்களை ஓட்டிப் பின்னால் பேசுகிறாள். குரல் அவளுடையது, பேச்சு முழுக்க என்னுடையது. "நுங்குத் தண்ணியத் தடவினேன். என் பிள்ளை கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டு, இட்லி மாதிரி இருக்கும்மான்னு சொல்லிச்சு" என்கிறாள்.

அது தீட்சா சொன்னது. சுபாவின் பிள்ளைக்கு ஏழு மாதம். 'ங்கா'வைத் தாண்டவில்லை.

அந்த வீடியோவை அறுபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் பதிவைப் பார்த்தவர்கள் இருநூற்றுப் பதினாலு.

ஏப்ரல் 4, வெள்ளி

மாடிக்குப் போய்க் கேட்டேன். பிள்ளைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குறிப்புன்னா எல்லாருக்கும் பொதுதான? நுங்கு என்ன ஒங்க ஒருத்தருக்கா காய்க்குது?"

"நுங்கு பொது. இட்லி யாரு சொன்னது?"

சிரித்தாள். "அது சும்மா பேச்சுவாக்குல வந்துருச்சுக்கா."

"அப்ப பேச்சுவாக்குல என் பேரையும் சொல்லு. செண்பகவல்லி எழுதுனதுன்னு ஒரு வார்த்தை. போதும்."

"ஒங்க பேரச் சொன்னா ஆளுக அங்கல்ல போயிருவாக?"

அவளிடம் எனக்குப் பிடித்தது இந்த ஒளிவுமறைவின்மை ஒன்றுதான். கூழ்க் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்க்காமல் இறங்கி வந்தேன். இவர் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். "ஒரே வீட்டுக்குள்ள என்ன செம்பகம் ஒன் பேரு அவ பேருன்னு" என்றார். இவர் ஆபீஸில் ஒரு லேபிளை இன்னொரு பெட்டியில் ஒட்டிப் பார்க்கட்டும், தெரியும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேர் வழியில் ஜெயிக்க முடியுமா என்று ஒரு வாரம் பார்க்கப் போகிறேன். நாலு வருஷத்தில் நானாகக் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன். இதையாவது சுபா மாடியிலிருந்து படிக்க முடியாது.

பதிவு போட வேண்டிய நேரம் பிற்பகல் இரண்டரை. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் வருவதற்குள் பெண்கள் போனைக் கையில் எடுக்கும் நேரம் அது. காலையில் போட்டால் ஒரு ஈ காக்கை வராது. தலைப்பில் உடம்பின் ஒரு இடம் இருக்க வேண்டும்: குதிகால், முழங்கை, கழுத்து. 'அழகு' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படம் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், அதுவும் நம் சொந்தக் கையாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த வெள்ளைக்காரிக் கையைப் பார்த்தால் கோவில்பட்டிக்காரி நம்ப மாட்டாள். குழுவில் லிங்க்கை மட்டும் வீசிவிட்டு ஓடக் கூடாது, இரண்டு பேருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் சரியாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தக் கமெண்ட்டுக்கும் ஒரு நாளுக்குள் பதில். இதை நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, தீட்சாவுக்கு அம்மை போட்டிருந்தபோதும்.

இன்று இதெல்லாம் செய்து முந்நூற்றுப் பத்துப் பேர். சங்கரன்கோவில் கோமதி வழக்கம் போல முதல் ஆளாக வந்து, "செஞ்சு பாத்துட்டு சொல்றேன்க்கா" என்று போட்டிருக்கிறாள். மூன்று வருஷமாக இதே வரி. நாலு நாள் கழித்து வந்து எப்படி இருந்தது என்று சொல்லியும்விடுவாள். முகம் பார்த்ததில்லை. லாரி ஓட்டுகிறவரின் மனைவி என்று மட்டும் தெரியும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம், வடை, மாடிக்கும் கீழுக்கும் தட்டுப் பரிமாற்றம். சுபா புதுப் புடவையில் வந்து காலில் விழுந்தாள். நன்றாயிரு என்றேன்.

பிற்பகலில் அவள் வீடியோ வந்தது. முழங்கைக்கு இளநீர் வழுக்கையும் ரவையும். அதை நான் இன்னும் வெளியிடவே இல்லை! எழுதி, வரைவாகச் சேமித்து மட்டும் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலு வருஷம் முன்னால் எனக்கு வலைப்பூ திறந்து கொடுத்தவளே அவள்தான். பாஸ்வேர்டும் அவள் வைத்தது. மாடியில் உட்கார்ந்துகொண்டே என் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும். மாற்றவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மெயின் ரோட்டுத் துணிக்கடையில் கோடை விழா. சிறப்பு விருந்தினர் 'அழகுக் குறிப்பு அரசி' சுபலட்சுமி. குடும்பத்தோடு போனோம். மேடையில் பொன்னாடை, கண்ணாடிக் கேடயம். "இந்த ஐடியா எல்லாம் எப்படி மேடம் வருது?" என்று மைக்கோடு ஒரு பெண் கேட்டாள். "ஒரு பிஸியான அம்மாவா, குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள என்ன செய்யலாம்னு யோசிப்பேன்" என்றாள்.

என் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கி அவள் சிரித்தது போல இருந்தது.

கைத்தட்டலில் பிள்ளை பயந்து வீரிட்டது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றவள் நான். அதன் அம்மா மேடையில் இருந்தாளே, வேறு யார் தூக்குவது? வீட்டுக்கு வரும்வரை அது என் தோளிலேயே தூங்கியது.

இவளை விடக் கூடாது.

ஏப்ரல் 24, வியாழன்

எலுமிச்சை ஊறுகாய் போடும் வேலை. ஐம்பது பழம். தீட்சா பக்கத்தில் உட்கார்ந்து விதை எண்ணினாள். இந்த வருஷம் அடுப்படிக்குள்ளேயே நறுக்கினேன், கையுறை போட்டுக்கொண்டு.

போன சித்திரையில் மொட்டை மாடியில் வைத்து நறுக்கினேன். சாறு இடது மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அப்படியே காயவிட்டு, அதே கையோடு வடகத்தையும் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் எரிச்சல், அதற்கு மறுநாள் கொப்புளம். இவர்தான் ராத்திரி பகல் பார்க்காமல் வண்டியில் வைத்துத் தோல் டாக்டரிடம் அலைந்தார். "எலுமிச்சைச் சாறு பட்ட எடத்துல வெயில் பட்டா தோலு வெந்துரும்மா" என்றார் டாக்டர். சாறு வழிந்த கோடு வழியாகவே மூன்று பழுப்புத் தடங்கள் விழுந்தன. மங்கியிருக்கின்றன, போகவில்லை.

இரண்டரைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'தாலிக்கயிறு உரசிக் கறுத்த கழுத்துக்கு மூணே விசிலில் தீர்வு' என்று தலைப்பு வைத்தேன். நாலு வருஷத்தில் நான் வைத்த தலைப்புகளிலேயே இதுதான் நல்ல தலைப்பு. அரை எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் மூன்று விசில் வரும்வரை. கழுவ வேண்டாம், தானாகக் காயட்டும். "என் மகள் பார்த்துவிட்டு, அம்மா உன் கழுத்து புதுக் கழுத்து என்றாள்" என்று கடைசியில் ஒரு வரி.

வரைவாகச் சேமித்தேன். நான் எதையும் வெளியிடவில்லை. என் பெட்டிக்குள் நான் என்ன வைத்தால் யாருக்கு என்ன?

ஏப்ரல் 25, வெள்ளி

பாஸ்வேர்டு அதேதான். தோசை மாவு புளித்துவிட்டது.

ஏப்ரல் 28, திங்கள்

வந்துவிட்டது. தலைப்பு, உப்பு, புதுக் கழுத்து எல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல்.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது அவளும் நின்றாள். "புதுசா ஏதோ போட்டிருக்க போல. செஞ்சு பாத்தியா சுபா?" என்று கேட்டேன். நான் கேட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"எனக்கு எங்கக்கா நேரம்? அதுவும் இந்த வெயில்ல நின்னா நான் கறுத்துற மாட்டேன்?" என்று சொல்லிவிட்டு நிழலுக்கு ஓடினாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

கமெண்ட்டில் நாலு பேர் திட்டுவார்கள். கொஞ்சம் அரிக்கும், கொஞ்சம் சிவக்கும். இவள் யோக்கியதை ஊருக்குத் தெரியும். அவ்வளவுதான் நான் கேட்பது.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கியது. கமெண்ட்டுகளும் கொதிக்கின்றன. 'எரியுது மேடம்.' 'கழுத்தச் சுத்தி செவந்து போச்சு.' 'நீங்க செஞ்சு பாத்தீங்களா இல்லையா?' 'கேடயத்தத் திருப்பிக் குடு.' கடைசிக் கமெண்ட்டை ஆறு தடவை படித்தேன். மாடியில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது, அவள் தூக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

இன்று வைத்த முள்ளங்கிச் சாம்பாருக்கு இவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். மனசு நன்றாக இருந்தால் கை மணக்கிறது.

மே 6, செவ்வாய்

'மூணு விசில்'லுக்கு வந்த செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நான் கோமதி. சுபா மேடம் சொன்ன கழுத்துக் குறிப்பச் செஞ்சு பாத்தேன். கழுத்தச் சுத்திக் கொப்புளமாயிருச்சு. கழுத்துல ஒண்ணும் படக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். தாலியக் கழட்டி சாமி படத்துல மாட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரரு லாரியோட நாக்பூர் பக்கம் போயிருக்காரு. அவரு ரோட்டுல இருக்கும்போது தாலிய எறக்கிட்டாளேன்னு எங்க அத்தை மூணு நாளா பச்சத் தண்ணி குடிக்கல. எனக்கும் போன் அடிச்சாலே நெஞ்சு பதறுது. எரிச்சலுக்கு என்ன போடலாம்க்கா? நீங்க செஞ்சு பாக்காம சொல்ல மாட்டீங்க. அந்த மேடம நான் எப்பவும் நம்புனதில்ல. ஆனா இந்தக் குறிப்பக் கேக்கும்போது நீங்க பேசுற மாதிரியே இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

மே 7, புதன்

பதில் போட்டேன். ஈரத் துணி, பருத்தித் துணி, வெயிலில் போகாதே, டாக்டர் சொன்னதைக் கேள். 'வெயில் சுட்ட தோலுக்கு' என்று ஒரு பதிவாகவும் போட்டேன். "செஞ்சு பாத்துட்டு சொல்றேன்க்கா" என்று உடனே வந்தது.

சுபாதான் வெளியிட்டாள். நான் இல்லை.

மே 9, வெள்ளி

சுபா ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். முதல் தடவையாகப் படம் ஓட்டாமல் தன் முகத்தைக் காட்டிப் பேசுகிறாள். மூக்கெல்லாம் சிவந்திருக்கிறது. "இந்தக் குறிப்பு என்னோடது இல்ல. இதுவரைக்கும் நான் போட்ட எதுவுமே என்னோடது இல்ல. எல்லாம் எங்க அக்கா செண்பகவல்லி எழுதுனது. 'மூணு விசில்'னு அவுகளுக்கு ஒரு வலைப்பூ இருக்கு." என் வரைவைப் படம் எடுத்துத் தேதியோடு காட்டுகிறாள்.

என் பேர். இதற்காகத்தானே மாடிப்படி ஏறிக் கேட்டேன்? நூற்று எண்பத்தேழு குறிப்பில் ஒன்றுக்குக்கூட வராத பேர், இந்த ஒன்றுக்கு வந்திருக்கிறது.

நான்கு மணிக்குள் என் பக்கத்துக்கு ஐயாயிரம் பேர் வந்துவிட்டார்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். நாளைய இரண்டரைக்குக் காத்திருக்க நேரமில்லை. உடனே எழுதினேன்: "அது நான் இன்னும் செய்து பார்க்காத குறிப்பு. அதனால்தான் வெளியிடாமல் வைத்திருந்தேன்."

மே 10, சனி

வாழ்க, பாவம், நல்ல மனசு, திருட்டுக் கழுதை என்று ஆயிரத்து நூறு கமெண்ட். எல்லோரும் என் பக்கம். துணிக்கடைக்காரரே போன் பண்ணினார், அடுத்த ஞாயிறு எனக்குக் கேடயமாம். கொழுந்தன் வந்து, "மன்னிச்சிருங்க அண்ணி" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சுபா சேனலை மூடிவிட்டாள்.

சாப்பிடும்போது நான் ரசம் ஊற்றினேன். இவர் மட்டும் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சு பாக்காத குறிப்புன்னு எழுதிருக்க."

"ஆமா."

"டாக்டர்ட்ட வண்டி ஓட்டிக்கிட்டுப் போனது நாந்தான் செம்பகம்."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அவள் என்னை மேடைக்குக் கீழே நிற்க வைத்தபோது இவர் எங்கே போயிருந்தார்? அன்றைக்கு வராத நியாயம் இன்றைக்கு எதற்கு?

மே 18, ஞாயிறு

முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனேன். இந்தக் கத்திரி வெயிலில். "புழுங்கலையாம்மா?" என்று தீட்சா கேட்டாள். கேடயத்தை வலது கையால் வாங்கினேன். கைத்தட்டலுக்குப் பிள்ளை எங்கோ வீரிட்டது போலக் கேட்டது, ஆனால் சுபா வரவே இல்லை, வேறு யாருடையதோ.

கேடயம் டிவி மேல் இருக்கிறது. தூசி அடைய ஆரம்பித்துவிட்டது.

மே 25, ஞாயிறு

காலை பதினோரு மணிக்குக் காலிங் பெல். மெலிந்த பெண், முப்பது வயசிருக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பருத்தித் துணி, அதன் மேல் மஞ்சள் கயிறு. பக்கத்தில் மீசைக்காரர் ஒருவர்.

"அக்கா, நான் கோமதி. நல்லபடியா திரும்பிட்டாரு. மொதல்ல ஒங்களத்தான் பாக்கணும்னு துணிக்கடையில வெலாசம் கேட்டுக் கூட்டிட்டு வந்தேன்."

கட்டிக்கொண்டாள். கோமதியம்மன் கோயில் புற்று மண்ணை ஒரு பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தாள். தோல் கோளாறுக்கு அதைப் பூசுவார்கள். "டாக்டர் மருந்தோட இதையும் பூசுனேன், அடங்கிருச்சு. அடுத்தவுகளுக்கும் சொல்லுங்க, ஆனா நீங்க பூசிப் பாத்துட்டுத்தான் சொல்லுவீங்க, தெரியும்" என்று சிரித்தாள். துணியை விலக்கிக் காட்டினாள். கொப்புளம் காய்ந்திருந்தது. சாறு வழிந்த வழியெல்லாம் பழுப்புக் கோடு, மார்பு வரை.

காபி போட்டேன். வீட்டில் என்பதால் சாதாரண ரவிக்கைதான். இரண்டு கையாலும் தம்ளரை நீட்டியபோது அவள் தம்ளரை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா. எங்கழுத்துல இருக்கற மாதிரியே இருக்கே. எனக்காக நீங்களும் போட்டுப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன்.

"இல்ல ஆன்ட்டி, அது நான் ரெண்டாப்பு படிக்கும்போது வந்துச்சு" என்றாள் தீட்சா. "எலுமிச்சம்பழத்த மாடியில வச்சு நறுக்குனாங்க. வெயில்ல வெந்துருச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா எலுமிச்சையோட வெயிலுக்கே போக மாட்டாங்க."

கோமதி என் கையை விடவில்லை. கட்டை விரலால் அந்த மூன்று தடத்தையும் மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு விட்டாள். தம்ளரில் காபி ஆறிப் போயிற்று. அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். வாசலில் நின்று பொட்டலத்தை மறுபடி என் கையில் அழுத்தினாள். "ஒங்க கைக்கும் பூசுங்கக்கா" என்றாள். அக்கா என்றுதான் சொன்னாள்.

மே 26, திங்கள்

காலையில் 'வெயில் சுட்ட தோலுக்கு' பதிவின் கீழே கோமதியின் கமெண்ட். "செஞ்சு பாத்துட்டு சொல்றேன்னு சொல்லிருந்தேன்ல. கொப்புளம் ஆறிருச்சு. ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியும்னு இப்பத்தான்க்கா தெரிஞ்சுது." அவ்வளவுதான். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. பாராட்டு என்று நினைத்து நூற்றிருபது பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள்.

அழித்துவிடலாம். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், மாடியிலிருந்துகூட இப்போது யாரும் பார்ப்பதில்லை.

சுபா மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அவள் என்னிடமிருந்து எடுத்தது எடுத்ததுதான், அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் சுபாவின் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கொப்புளத்தோடு தாலியைக் கழற்றிவிட்டு, போன் மணி அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தவள், மூன்று வருஷமாக என் பதிவுக்கு முதல் ஆளாக வந்து நின்றவள். அதுவும் குறிப்பு என் பேச்சு மாதிரி இருந்ததால் நம்பி.

எந்தக் கமெண்ட்டுக்கும் ஒரு நாளுக்குள் பதில் என்பது என் விதி. சமையலை முடித்தேன், பாத்திரம் கழுவினேன். ஜன்னலோரம் இடது கையை வைத்து, மூன்று தடமும் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். தலைப்பில் உடம்பின் ஓர் இடம் இருக்க வேண்டும். 'என் இடது கை' என்று வைத்தேன். கீழே எழுதினேன்: "இது போன வருஷச் சித்திரையில் எனக்கு வந்தது. எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அந்தக் குறிப்பை எழுதினேன். சுபா எடுப்பாள் என்று தெரிந்தே வைத்தேன். செண்பகவல்லி."

மணி இரண்டரை. எல்லோரும் போனைக் கையில் எடுத்திருப்பார்கள். வெளியிட்டேன்.